டெகர்ன்ஸே ஏரியைச் சுற்றி ஓட: மியூனிக்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மியூனிக்குக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த பிறகு ஓடப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர். இஸார் ஆற்றங்கரையில் சில மாதம் ஓடிப் பழகியதும், தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் ஏரிகள் மீது ஆசை வரும். அவற்றில் நான் முதலில் கைகாட்டுவது டெகர்ன்ஸே. ஒரு சுற்று ஏறத்தாழ 21 கிலோமீட்டர், அதாவது அரை மாரத்தான் தூரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம் என்பதால் மூச்சு வாங்கும் என்ற பயம் வேண்டாம். பாதையில் ஏற்ற இறக்கமும் குறைவு. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்.

ஓடுவது எளிது, அதற்கு முந்தைய ஏற்பாடுகளில்தான் ஆள் களைத்துப்போகிறார். டிக்கெட் விதி ஓரிடத்தில், தடுப்பூசி விவரம் ஓரிடத்தில், பாதை விவரம் இன்னோரிடத்தில் என்று நான் தனித்தனியாக அலைந்துதான் எல்லாவற்றையும் சேர்த்தேன். பாதிக்கு மேல் ஜெர்மனில் மட்டும்தான் கிடைத்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எது அதிக நாள் பிடிக்குமோ அதை முதலில் வைத்திருக்கிறேன், அதே வரிசையில் செய்யுங்கள்.

1. உண்ணிக்கடித் தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள்

ஏரிக்கும் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பவேரியாவின் மிகப் பெரும் பகுதி எஃப்.எஸ்.எம்.இ. என்னும் மூளைக்காய்ச்சல் பரவும் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இதைப் பரப்புவது புல்லிலும் புதரிலும் இருக்கும் உண்ணி. ஏரிப்பாதையின் இரு பக்கமும் புல்வெளி, நடுநடுவே மரக்கூட்டம். ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் புல்லில் கால் நீட்டி உட்காரும் நேரத்தில்தான் உண்ணி ஏறும்.

மொத்தம் மூன்று ஊசி. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் ஒன்று முதல் மூன்று மாதம், மூன்றாவது ஊசி, மருந்தின் வகையைப் பொறுத்து, ஐந்து முதல் பன்னிரண்டு மாதம் கழித்து. இரண்டு ஊசி முடிந்தாலே அந்தப் பருவத்துக்குப் போதிய பாதுகாப்பு கிடைத்துவிடும். உண்ணிகள் பிப்ரவரி கடைசியிலிருந்தே நடமாடத் தொடங்கும், நவம்பர் வரை இருக்கும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் முதல் ஊசி போட்டுக்கொள்வதுதான் சரியான கணக்கு. வெயில் வந்த பிறகு யோசித்தால் கோடை போய்விடும்.

இந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்கு அரசுமுறை மருத்துவக் காப்பீடு செலவை ஏற்றுக்கொள்ளும். கைக்காசு போட வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டையும், ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசிப் பதிவு ஏதாவது இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகம் ஒன்று தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஊசிக்கு எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்று பல மருத்துவமனைகளில் கையை விரித்துவிடுவார்கள். எனக்கும் தொடர்ந்து அந்தப் பதில்தான் வந்தது. கடைசியில் வழி திறந்தது அலுவலகத்தில். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் நிறுவன மருத்துவர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் இந்த ஊசி கிடைப்பதுண்டு. மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அங்கே இல்லையென்றால், வெளி மருத்துவரிடம் பேசும்போது தடுப்பூசி மட்டும் வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பதில் மாறக்கூடும்.

ஊசி போட்டாலும் உடம்பைச் சோதிக்கும் பழக்கம் வேண்டும். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான போரெலியோஸிஸுக்கு நாம் போட்டுக்கொள்ளத் தடுப்பூசி இல்லை. ஆனால் ஒரு நல்ல செய்தி: எஃப்.எஸ்.எம்.இ. கிருமி கடித்த உடனே உள்ளே போகும், போரெலியோஸிஸ் கிருமி உள்ளே போகப் பெரும்பாலும் பல மணி நேரம் எடுக்கும். அன்று மாலையே உண்ணியைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். சின்ன உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, அக்குள், காதுக்குப் பின்புறம் என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலில் ஒரு சிறு முடிச்சாகத் தட்டுப்படும். மருந்துக்கடையில் உண்ணி இடுக்கி சில யூரோவுக்குக் கிடைக்கும். தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய் விடுவது, பசை தடவுவது எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

2. காப்பீடும் உடல் பரிசோதனையும்

அரசுமுறைக் காப்பீட்டில் 18 முதல் 34 வயதுக்குள் ஒருமுறையும், 35 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் பொது உடல் பரிசோதனை இலவசம். நாற்பது வயதில் புதிதாக ஓடத் தொடங்குகிறீர்கள் என்றால் இதை முடித்துவிட்டு 21 கிலோமீட்டரைப் பற்றி யோசியுங்கள். நம் குடும்பங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எவ்வளவு சகஜம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது தனிநபர் பொறுப்புக் காப்பீடு. ஏரிப்பாதையில் சைக்கிள்காரர்களும் ஓட்டக்காரர்களும் ஒரே பாதையில் போவார்கள். நீங்கள் திடீரென்று குறுக்கே திரும்பி ஒருவர் விழுந்தால், அவருடைய இழப்பு முழுவதும் உங்கள் தலையில். ஆண்டுக்கு நூறு யூரோவுக்குள் நல்ல திட்டம் கிடைக்கும். ஓடாதவர்களும் ஜெர்மனியில் வைத்திருக்க வேண்டிய காப்பீடு இது.

கரையோடு நிற்பவர்களுக்கு இவ்வளவு போதும். பழகிய பிறகு மேலே நொய்ரொய்ட், வால்பெர்க் என்று மலைப்பாதைகளுக்குப் போகிறவர்கள் ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். காயமில்லாமல் வழிதவறி மாட்டிக்கொண்டவரை மீட்கும் செலவை மருத்துவக் காப்பீடு ஏற்காமல் போகலாம். சங்க உறுப்பினருக்கு மலையில் தேடுதல், மீட்புச் செலவு 25,000 யூரோ வரை காப்பீடாகச் சேர்ந்தே வருகிறது. உறுப்பினர் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. செப்டம்பரிலிருந்து சேர்பவர்களுக்குப் பெரும்பாலான கிளைகளில் பாதிக் கட்டணம்.

3. டிக்கெட்: எது உங்களுக்கு லாபம்?

மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது மியூனிக்கை விட்டு வெளியே போவீர்கள் என்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும் மாத டிக்கெட். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. ஏரிக்குப் போகும் ரயிலுக்கும், ஏரியைச் சுற்றி ஓடும் பேருந்துக்கும் இது செல்லும். ஏரியில் போகும் கப்பலுக்குச் செல்லாது. களைத்துப்போய்க் கப்பலில் திரும்பலாம் என்று நினைப்பவர்கள் அதற்குத் தனியாகப் பணம் வைத்திருக்க வேண்டும்.

இந்த டிக்கெட்டில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

இது சந்தா. ரத்து செய்ய நினைத்தால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் செய்ய வேண்டும். 11ஆம் தேதி செய்தால் அடுத்த மாதப் பணமும் போகும்.

இது காலண்டர் மாதத்துக்கானது. 25ஆம் தேதி வாங்கினால் மாதக் கடைசி வரைதான் செல்லும், ஆனால் பல விற்பனையாளர்கள் முழுப் பணத்தையும் வாங்கிவிடுவார்கள். மாதத் தொடக்கத்தில் ஆரம்பியுங்கள்.

இது உங்கள் பெயருக்கு மட்டும். பரிசோதகர் வந்தால் புகைப்படம் உள்ள அடையாள அட்டையும் கேட்பார். பாஸ்போர்ட்டை ஓட்டத்துக்குத் தூக்கிப் போக முடியாது, எனவே குடியிருப்பு அனுமதி அட்டையை ஒரு சிறிய ஜிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். வியர்வையில் நனையாது. ஃபோனில் சார்ஜ் இல்லாமல் டிக்கெட்டைக் காட்ட முடியாமல் போவதும் வம்புதான். செல்லுபடியான டிக்கெட் இல்லாத பயணத்துக்கு 60 யூரோ தண்டம்.

எப்போதாவது ஒருமுறை, நண்பர்களோடு என்றால் பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியாவுக்குள் செல்லும் நாள் டிக்கெட். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், ஆள் சேரச் சேரத் தலைக்கு விலை குறையும். சனி, ஞாயிறு, விடுமுறை நாளில் நள்ளிரவிலிருந்தே செல்லும். வார நாளில் காலை 9 மணிக்கு முன் செல்லாது. விடுப்பு எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அதிகாலையில் கிளம்புகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். தனியாகப் போவதென்றால் மியூனிக் போக்குவரத்துக் கூட்டமைப்பின் நாள் டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 டிசம்பரிலிருந்து ஏரி இருக்கும் மீஸ்பாக் மாவட்டமும் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் இது இருக்காது.

4. ரயிலில் சரியான பெட்டியில் ஏறுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பி.ஆர்.பி. என்னும் வட்டார ரயில் நிறுவனத்தின் ரயில் மியூனிக் தலைமை நிலையத்திலிருந்து ஒரே ரயிலாகக் கிளம்பும். ஆனால் அது மூன்று ரயில்கள் சேர்ந்தது. ஹோல்ட்ஸ்கிர்ஷன் நிலையத்தில் ஒரு பகுதி கழன்று பைரிஷ்ட்செல் போகும். ஷாஃப்ட்லாக் நிலையத்தில் மீதி இரண்டாகப் பிரிந்து ஒன்று லெங்ரீஸுக்கும் ஒன்று டெகர்ன்ஸேக்கும் போகும். நடைமேடையில் வந்ததும் காலியாக இருக்கிறதே என்று முதலில் கண்ணில் பட்ட பெட்டியில் ஏறிவிட்டால், ஒரு மணி நேரம் கழித்து வேறு பள்ளத்தாக்கில் இறங்குவீர்கள். அங்கிருந்து திரும்பிவர அரை நாள் போய்விடும்.

ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் அது போகும் ஊரின் பெயர் மின்பலகையில் ஓடும். டெகர்ன்ஸே என்று எழுதியிருக்கிறதா, தடம் ஆர்.பி. 57 தானா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். உள்ளே போன பிறகு இருக்கைக்கு மேலே இருக்கும் திரையிலும் பாருங்கள். ரயில் ஓடும்போது ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு உள்ளேயே நடந்துபோக முடியாது. தவறான பகுதியில் இருப்பது தெரிந்தால் ஹோல்ட்ஸ்கிர்ஷனிலோ ஷாஃப்ட்லாக்கிலோ ரயில் நிற்கும்போது இறங்கி, நடைமேடையில் வேகமாக நடந்து சரியான பகுதியில் ஏறிக்கொள்ளலாம். பிரிக்கும் வேலைக்காகச் சில நிமிடம் நிற்கும். பதறாமல் செய்தால் நேரம் போதும்.

தலைமை நிலையத்தில் இந்த ரயில் பெரும்பாலும் முதன்மைக் கூடத்திலிருந்து தள்ளி, வடக்குப் பக்கம் இருக்கும் 27 முதல் 36 வரையிலான நடைமேடைகளில் ஒன்றிலிருந்து கிளம்பும். சுரங்க ரயிலிலிருந்து ஏறி வந்து அங்கே போய்ச் சேர பத்து நிமிடம் வையுங்கள். நகரத்தின் மேற்கே இருப்பவர்களுக்கு டோனர்ஸ்பெர்கர்புருக்கே, தென்மேற்கே இருப்பவர்களுக்கு ஹாராஸ் நிலையம் வசதி. ஆனால் வார இறுதியில் அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைப்பது கடினம்.

கிளம்பும் முந்தைய இரவே செயலியில் பாருங்கள். பாதைப் பராமரிப்பு நடக்கும் வார இறுதிகளில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், பயணம் அரை மணியோ அதற்கு மேலோ நீளும். குளிர்காலத்தில் கனத்த பனி விழுந்தால் மொத்தமாகவே நின்றுபோகும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் அப்படித்தான் நின்றது. ரயில் ஓடாவிட்டால் ஹோல்ட்ஸ்கிர்ஷன் வரை எஸ்3 புறநகர் ரயிலில் போய், அங்கிருந்து முயன்று பார்க்கலாம்.

5. எந்த மாதம், எத்தனை மணிக்கு?

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் காலை பத்து மணிக்குமேல் பாதை முழுக்கக் கூட்டம். குழந்தை வண்டி, நாய், சைக்கிள் எல்லாம் சேர்ந்து உங்களை ஓட விடாது. ஏழு மணி ரயிலைப் பிடித்தால் எட்டுக்கு ஏரியில் இருப்பீர்கள். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று நிதானமாக ஓடினாலும் இரண்டரை மணி நேரத்தில் முழுச் சுற்று முடிந்துவிடும்.

கோடை மாலைகளில் இடிமழை மலைக்குப் பின்னாலிருந்து திடீரென்று வரும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கரையில் ஆரஞ்சு நிற எச்சரிக்கை விளக்குகள் இயங்கும். படகுக்காரர்களுக்காக வைத்தது என்றாலும் ஓடுபவருக்கும் உதவும். நிமிடத்துக்கு 40 முறை சிமிட்டினால் பலத்த காற்று வரலாம் என்று பொருள். 90 முறை சிமிட்டினால் புயல் எச்சரிக்கை. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, மெதுவாகவா வேகமாகவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வேகமாகச் சிமிட்டினால் மரத்தடியில் ஒதுங்காமல் ஏதாவது கட்டிடத்துக்குள் போங்கள். ஜெர்மன் வானிலைத் துறையின் வார்ன்வெட்டர் செயலியையும் இறக்கி வையுங்கள்.

குளிர்காலத்தில் ஓடலாம், ஆனால் டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். நிழல் விழும் இடங்களில் பகலில் உருகிய பனி மறுபடி உறைந்து கண்ணாடியாக இருக்கும். ஷூவின் மேல் மாட்டும் முள்பட்டை இல்லாமல் ஜனவரியில் போகாதீர்கள்.

6. பாதை: முழுச் சுற்றுக்கு அவசரம் வேண்டாம்

டெகர்ன்ஸேயில் எனக்குப் பிடித்ததே இதுதான்: ஏரியில் இரண்டு ரயில் நிலையங்கள். வடமுனையில் க்முண்ட், கிழக்குக் கரையில் டெகர்ன்ஸே ஊர். மேற்கிலும் தெற்கிலும் ரயில் கிடையாது, பேருந்து உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு தூரத்தைக் கூட்டுங்கள்.

முதல் முறை, டெகர்ன்ஸே நிலையத்தில் இறங்குங்கள். நிலையம் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது, ஊருக்குள் இறங்கி ஏரியைத் தொடச் சில நிமிட நடை. கரையோடு தெற்கே ரோட்டாக்-எகெர்ன் வரை போய்த் திரும்புங்கள். ஏழு, எட்டு கிலோமீட்டர் வரும். கிட்டத்தட்ட சமதளம், வழியெல்லாம் பெஞ்சு, ஊர். நடுவில் நின்றுவிட்டாலும் கவலையில்லை. ரோட்டாக்கில் கூர்கோபுரத் தேவாலயத்தைத் தாண்டினால் எகெர்ன் வளைகுடா, பின்னால் 1,722 மீட்டர் வால்பெர்க். புகைப்படத்துக்கு இங்கேயே நின்றுகொள்ளுங்கள், வேறெங்கும் இவ்வளவு நெருக்கத்தில் கிடைக்காது.

அடுத்தது க்முண்டிலிருந்து மேற்குக் கரை வழியாக பாட் வீஸே வரை. ஆறு கிலோமீட்டருக்குள்தான், ஆனால் கால்டன்புருன் பக்கம் ஒரு மேடு உண்டு. அங்கே நின்று பார்த்தால் ஏரி முழு நீளத்துக்கும் தெற்கே விரிந்து கிடக்கும். பாட் வீஸேயிலிருந்து பேருந்தில் க்முண்டுக்குத் திரும்பிவிடலாம். ஓடத் தொடங்கும் முன் நிறுத்தத்தில் நேர அட்டவணையைப் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிக் கட்டம் இருக்கும், வார நாள் கட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மூன்றாவது, நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்யும் 16 கிலோமீட்டர். ஒரு நிலையத்தில் தொடங்கி, தெற்கையும் மேற்கையும் சுற்றி, மற்ற நிலையத்தில் முடிப்பது. இதில் விட்டுப்போவது டெகர்ன்ஸேக்கும் க்முண்டுக்கும் இடைப்பட்ட ஐந்து கிலோமீட்டர் மட்டும். அங்கே பல இடங்களில் நெடுஞ்சாலையின் ஓரமாகத்தான் ஓட வேண்டும், வாகன இரைச்சல் அதிகம். முழுச் சுற்று ஓடினேன் என்ற பெருமை வேண்டாம் என்றால் அதை விட்டதற்கு வருத்தப்படத் தேவையில்லை.

எந்தப் பக்கமாக ஓடுவது என்பதை வெயில்தான் சொல்லும். ஏரி வடக்கு தெற்காக நீண்டது, இரு பக்கமும் மலை. காலையில் கிழக்குக் கரையில் நிழல், மதியத்துக்குப் பிறகு மேற்குக் கரையில் நிழல். கோடையில் டெகர்ன்ஸேயில் தொடங்கி, ரோட்டாக் வழியாக பாட் வீஸே, கால்டன்புருன், க்முண்ட் என்று போனால் முதல் பகுதி நிழலில் கழியும். கால்டன்புருன் மேடு கடைசியில் வரும் என்பதால் அதற்குக் காலில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். குளிர்காலத்தில் இதைத் திருப்பிப் போட்டு க்முண்டில் தொடங்குங்கள். காலை வெயில் மேற்குக் கரையில் விழும், டெகர்ன்ஸே வரும்போது கிழக்குக் கரையில் வெயில் இருக்கும். குளிரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓடிப் பார்த்தால் தெரியும்.

தெற்கு முனையில் வைஸாக் ஆறு ஏரியில் கலக்கிறது. பாலத்தைக் கடந்ததும் பாதை சிறிது தூரம் கரையை விட்டு விலகும். கரையோரம் தனியார் நிலங்கள் இருக்கும் இடங்களிலும் இப்படித்தான். பிரிவாட், அதாவது தனியார் இடம் என்று பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள், பாதசாரிகளுக்கான மஞ்சள் கைகாட்டிகளைப் பின்பற்றினால் மறுபடி கரைக்கு வந்துவிடுவீர்கள். ஃபோனில் பயர்ன்அட்லாஸ் வரைபடம் இலவசம், கரைப்பாதையும் காட்டுப்பாதையும் அதில் தெளிவாகத் தெரியும். தார் ரோடு அலுத்துப்போனவர்கள் ரோட்டாக்கிலிருந்து வைஸாக் ஆற்றங்கரையோடு க்ரொய்ட் பக்கம் போகும் பொடிக்கல் பாதையில் திரும்புங்கள். நிழல், ஆற்றுச் சத்தம், மூட்டுக்கு மென்மை. முழுச் சுற்றை விட எனக்கு இந்தப் பாதைதான் பிடிக்கும்.

7. என்ன எடுத்துப்போவது, எவ்வளவு செலவாகும்

ஷூ விற்பவர்கள் மலை, ஏரி என்றதும் கரடுமுரடான மலைப்பாதைக்கான டிரெயில் ஷூவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கரைச்சுற்றுக்கு அது தேவையே இல்லை. தாரும் பொடிக்கல்லும் கலந்த பாதை, நகரத்தில் ஓடும் அதே ஷூ போதும். 120, 140 யூரோவை மிச்சப்படுத்தி நல்ல மழைச் சட்டைக்கு வையுங்கள்.

ஒரு சின்ன ஓட்டப் பையில் அரை லிட்டர் தண்ணீர், காய்ந்த டீஷர்ட், மெல்லிய சட்டை. வியர்வையோடு நடைமேடையில் ரயிலுக்காக நின்றால் உடம்பு சில்லிட்டுவிடும், எனவே டீஷர்ட்டை மறக்காதீர்கள். வழியில் தெருக் குழாய், ஊற்று கண்ணில் பட்டால் பலகையைப் பாருங்கள். கைன் டிரிங்க்வாஸர் என்றால் குடிக்க உகந்த தண்ணீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். வாழைப்பழம், பேரீச்சம்பழம் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், அல்லது மியூனிக் தலைமை நிலையக் கடைகளில் வாங்குங்கள். சைவ உணவு ஏரிக்கரை உணவகங்களில் குறைவுதான். கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் நூடுல்ஸ் பெரும்பாலும் கிடைக்கும், மேலே பொரித்த வெங்காயம் போட்டுத் தருவார்கள். பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இருபது யூரோ நோட்டு ஒன்று கையில் இருக்கட்டும், சிறு கடைகளில் அட்டை வாங்காத இடங்கள் இன்னும் உண்டு.

டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஆக மொத்தம் சாப்பாட்டுச் செலவுதான். இரவு தங்குபவர்களிடம் விடுதிக் கட்டணத்தோடு சுற்றுலா வரியும் வாங்குவார்கள். பதிலுக்குத் தரும் விருந்தினர் அட்டையைக் கேட்டு வாங்குங்கள், உள்ளூர்ப் பேருந்தில் அதைக் காட்டிப் போகலாம்.

8. பாதையில் நடந்துகொள்வது

வலது ஓரமாக ஓடுங்கள். மணி அடித்தால் பதறி நடுவுக்கு வராமல் அங்கேயே ஓரத்தில் இருங்கள், சைக்கிள் தானாகத் தாண்டிப்போகும். இரண்டு காதிலும் இயர்ஃபோன் வேண்டாம். எதிரே வருகிறவர் வணக்கமாக க்ருஸ் காட் என்றோ செர்வுஸ் என்றோ சொன்னால் அதையே திருப்பிச் சொல்லுங்கள். மேய்ச்சல் நிலத்து வேலிக் கம்பியில் பெரும்பாலும் மின்சாரம் இருக்கும், கை வைத்து இளைப்பாறாதீர்கள்.

ஓடி முடித்த சூட்டில் ஏரிக்குள் குதிக்க ஆசை வரும். மே மாதத்தில்கூடத் தண்ணீர் நடுக்கும் குளிர். மூச்சு நிதானமான பிறகு, கால், கை, நெஞ்சு என்று நனைத்துக்கொண்டு இறங்குங்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழம் கூடிவிடும், அதிகபட்ச ஆழம் எழுபது மீட்டருக்கு மேல். நீச்சல் தெரியாதவர்கள் முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு 112. மலை மீட்புப் படையும் இதே எண்ணில்தான். ஆங்கிலத்தில் பேசலாம். கணுக்கால் பிசகியது போன்ற அவசரமில்லாத விஷயத்துக்கு, விடுமுறை நாளில் மருத்துவர் வேண்டுமென்றால் 116117.

9. செப்டம்பர் போட்டிக்குப் பெயர் கொடுப்பது

ஒவ்வொரு செப்டம்பரிலும் டெகர்ன்ஸே ஓட்டம் நடக்கிறது. க்முண்டில் தொடங்கி ஏரியை ஒரு சுற்று சுற்றும் அரை மாரத்தான் அதன் மையம், குறைந்த தூரப் பிரிவுகளும் உண்டு. பதிவு இணையத்தில். சீக்கிரம் பதிந்தால் கட்டணம் குறைவு, நாள் நெருங்க நெருங்க ஏறும். கோடைக்கு முன்பே பதிந்துவிடுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட வேண்டியிருக்கும் நம்மவர்கள் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் எழுதிவிட்டு, எண் அட்டை வாங்கும் வரிசையில் நின்று விளக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மனியில் இத்தகைய ஓட்டங்களுக்குப் பொதுவாக மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை, சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன் என்று ஒப்புக்கொண்டால் போதும். இதே பழக்கத்தில் இத்தாலி ஏரிப் பக்கம் போட்டிக்குப் பதிந்துவிடாதீர்கள். அங்கே பொதுவாக விளையாட்டுத் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் எண் அட்டை தரமாட்டார்கள், அதற்கு மருத்துவரிடம் முன்பதிவு, பரிசோதனை, கட்டணம் என்று சில வாரம் பிடிக்கும்.

பதிவு உறுதி மின்னஞ்சலை அச்சடித்தோ ஃபோனில் சேமித்தோ வையுங்கள், அடையாள அட்டையும் தேவை. ஓட முடியாமல் போனால் பணம் பொதுவாகத் திரும்பாது. வேறொருவர் பெயருக்கு மாற்றுவதற்குக் கடைசித் தேதியும் தனிக் கட்டணமும் இருக்கும், பதியும்போதே அந்த விதியைப் படியுங்கள். உங்கள் எண்ணை நண்பரிடம் கொடுத்து ஓடவிடுவது வேண்டவே வேண்டாம். ஓட்டத்தில் அவருக்கு ஏதாவது ஆனால் மருத்துவக் குழுவிடம் இருப்பது உங்கள் விவரமாக இருக்கும்.

போட்டி நாளில் காலை ரயில்கள் நிரம்பி வழியும். தொடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது க்முண்டில் இறங்கும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு முந்தைய ரயில் எது என்றும் குறித்து வையுங்கள். திரும்பும்போது எல்லோரும் க்முண்டில்தான் ஏறப் பார்ப்பார்கள். கால் ஒத்துழைத்தால் பேருந்தில் டெகர்ன்ஸே நிலையம் போய்விடுங்கள். ரயில் கிளம்புவது அங்கிருந்துதான், உட்கார இடம் கிடைக்கும்.